ஓடை வழியே மேலேறி மடு தேடுவது: கொழும்பிலிருந்து ஒரு நாள் பயணத்துக்கான முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையிலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறி, ஏதாவது ஓர் ஓடையைப் பிடித்து மேலே நடந்து, குளிக்கத் தோதான மடு ஒன்றைத் தேடிவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்புவது என் வழக்கம். நண்பர்களையும் மருமக்களையும் பலமுறை கூட்டிப் போயிருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள். முதல் மடுவைக் கண்டதும் சட்டையைக் கழற்றிவிடுகிறார்கள். அந்த மடுவுக்கு மேலே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. தண்ணீர் மேலேயிருந்துதான் வருகிறது என்பதும் அந்த நேரத்தில் ஞாபகம் வருவதில்லை.

அதனால் நான் ஓர் ஒழுங்கை விடாமல் பிடிக்கிறேன். வீட்டில் பார்ப்பது, ஊரில் கேட்பது, மடுவைக் கடந்து மேலே நடப்பது, திரும்பி வரும்போது குளிப்பது. கீழே உள்ள படிகளும் அதே வரிசையில்தான் இருக்கின்றன.

1. எந்தத் தண்ணீர் வேண்டாம் என்று முதலில் தள்ளுங்கள்

நகரத்துக்குள் தேட வேண்டாம். வெள்ளவத்தை, தெஹிவளை, கிருலப்பனைக் கால்வாய்கள் வீட்டுக் கழிவையும் மழைநீரையும் கடலுக்குக் கொண்டுபோகிறவை. மழைக்குப் பிறகு ஒரு நாள் தெளிவாகத் தெரிந்தாலும் அது குளிக்கிற தண்ணீர் ஆகாது.

களனி கங்கையின் கீழ்ப்பகுதியும் வேண்டாம். மணல் அள்ளிய குழிகள் அடியில் செங்குத்தாக இறங்கும். முழங்கால் ஆழத்தில் நிற்கிறவர் அடுத்த அடியில் தலைக்கு மேல் தண்ணீருக்குள் இருப்பார். முதலை இருக்கிற பகுதியும் அதுதான். பொல்கொட ஏரிப் பக்கமும் அப்படியே.

லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களைச் சுற்றியுள்ள காடு வரைபடத்தில் பச்சைப் பசேலென்று ஆசை காட்டும். அது கொழும்பு குடிக்கிற தண்ணீரின் நீரேந்துப் பகுதி. அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது, நுழையவும் வேண்டாம். நம் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீர் அது.

கித்துல்கலையில் பெரிய ஆற்றில் இறங்குவதையும் நான் விட்டுவிட்டேன். மேலே நீர் மின் நிலையம் இயங்கத் தொடங்கினால், ஒரு துளி மழை இல்லாமலே ஆறு ஏறும்.

மிச்சம் இருப்பது சின்ன ஓடைகள். ஹங்வெல்லையைத் தாண்டி அவிசாவளைப் பக்கம் போனால் சீத்தாவக்கை கங்கை, ருவன்வெல்லைப் பக்கம் குருகொட ஓயா, யட்டியாந்தோட்டைப் பக்கம் வீ ஓயா. இவற்றில் வந்து விழுகிற கிளை ஓடைகள் ஏராளம். பெரிய ஆற்றை விட்டுக் கிளையைத் தேடுவதற்குக் காரணம் உண்டு. கிளை ஓடையின் மேற்பகுதியை ஒரு காலையிலேயே கால்நடையாகப் பார்த்து முடிக்கலாம். என்ன வருகிறது, எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் கண்டுவிடலாம்.

இரத்தினபுரிப் பக்கம் போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அங்கே ஓடைப் படுக்கையிலேயே மாணிக்கக் குழி தோண்டியிருப்பார்கள். கைவிட்ட குழி தண்ணீர் நிறைந்து, மேலே இலை மிதந்து, ஒன்றும் தெரியாமல் கிடக்கும்.

2. மாதத்தையும் நாளையும் தெரிவு செய்யுங்கள்

ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரைதான் நல்ல காலம். தண்ணீர் தெளிந்து இறங்கியிருக்கும். மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் காலை வெயிலாக இருந்தாலும் பின்னேரம் இடியோடு கொட்டும். அந்த மாதங்களில் போவதென்றால் பகல் 12 மணிக்குத் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவ மழை. ஒக்டோபர், நவம்பரிலும் அடைமழை. இந்த மாதங்களில் நான் ஓடைப் பக்கம் போவதில்லை.

முதல் நாள் இரவு இரண்டு விஷயம் பார்ப்பேன். ஒன்று, வளிமண்டலவியல் திணைக்களத்தின் முன்னறிவிப்பு. மற்றது, நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடுகிற ஆற்று நீர்மட்டம். களனிக்கு நோர்வூட், கித்துல்கல, தெரணியகல, கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல என்று அளவிடும் இடங்கள் உண்டு. சீத்தாவக்கைப் பக்கம் போவதென்றால் தெரணியகல அளவைப் பாருங்கள், அது அந்த ஆற்றின் மேற்பகுதியில் இருக்கிறது. மட்டம் ஏறுமுகமாக இருந்தால் பயணம் அடுத்த கிழமைக்கு. கொழும்பில் வெயில் அடிக்கிறது என்பது ஒரு கணக்கே இல்லை.

3. வரைபடத்தில் ஊர்ப் பெயர்களை வாசியுங்கள்

போனில் செய்மதிப் படத்தைத் திறந்து ஓடையின் கோட்டைத் தொடருங்கள். மரம் மூடியிருப்பதால் தண்ணீர் பெரும்பாலும் தெரியாது. ஆனால் ஓடை சட்டென்று வளைகிற இடமும், வெளிறிய பாறைத் திட்டும் தெரியும். அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தில் உயரக் கோடுகளும் இருக்கும். கோடுகள் நெருங்குகிற இடத்தில் ஓடை விழுகிறது, அதற்குக் கீழே கோடுகள் விலகினால் அங்கே மடு இருக்க வாய்ப்புண்டு.

படத்தைவிட எனக்கு அதிகம் உதவியது ஊர்ப் பெயர்கள்தான். சிங்களத்தில் 'தொல' என்றால் சின்ன ஓடை, 'ஓயா' அதைவிடப் பெரியது, 'எல்ல' அருவி, 'தொட்ட' துறை, 'வள' என்றால் குழி. எல்ல என்று முடிகிற பெயருக்குக் கீழே மடு இருக்க வாய்ப்புண்டு. தொட்ட என்று முடிந்தால் ஆட்கள் இறங்கிப் பழகிய கரை இருக்கும். வள என்று வந்தால் ஆழத்தை எதிர்பாருங்கள்.

குறித்த பகுதியின் படத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓடைப் பள்ளத்துக்குள் சிக்னல் கிடைக்காது.

4. ஆட்களும் பையும்

தனியாகப் போக வேண்டாம். மூன்று பேர் குறைந்தது. ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூட இருக்கவும் இன்னொருவர் சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு ஓடவும் வேண்டும். ஆறு பேருக்கு மேல் போனாலும் சிக்கல்தான், யார் தண்ணீரில், யார் கரையில் என்று கணக்குத் தவறும். நீந்தத் தெரியாதவர் வரலாம். ஆனால் யாருக்கு நீந்தத் தெரியாது என்பதைப் பஸ்ஸிலேயே கேட்டு வைத்துவிடுங்கள். கரைக்கு வந்த பிறகு கேட்டால் வெட்கத்தில் தெரியும் என்பார்கள்.

காலுக்குப் பழைய கன்வஸ் சப்பாத்து போதும், லேஸ் கட்டியிருக்க வேண்டும். பாட்டாச் செருப்போடு வருகிறவரை நான் வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பாசிப் பாறையில் அது வழுக்கும், இழுவையில் காலை விட்டுக் கழன்று போகும். சப்பாத்தைத் தண்ணீருக்குள்ளும் கழற்றக் கூடாது. நீண்ட விடுமுறைகளில் ஆட்கள் கூடுகிற கரைகளில் போத்தல் ஓடு கிடக்கும்.

பைக்குள் இருக்க வேண்டியவை: 15 மீற்றர் கயிறு, மூடி இறுகிய 5 லீற்றர் வெறும் தண்ணீர்க் கான், டோர்ச், விசில், காயத்துக்குக் கட்டுத் துணி, ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) பொட்டலம் இரண்டு, குடிநீர், மாற்று உடுப்பு, துவாய். எல்லாவற்றையும் தடித்த சொப்பின் பைக்குள் போட்டுக் கட்டிவிடுங்கள். கயிற்றின் நுனியில் கானைக் கட்டினால் எறிந்து கொடுக்க மிதவை தயார். அது ஏன் என்று 9ஆம் படியில் வரும்.

அட்டைக்குக் காலுறையின் மேல் சவர்க்காரத்தை ஈரமாகத் தேய்த்து விடுவேன். கடித்துவிட்டால் பிய்க்காமல், நகத்தைத் தோலோடு ஒட்டி நகர்த்தி எடுங்கள். உப்புப் போட்டாலும் விழும்.

போவதற்கு 122ஆம் இலக்க பஸ் கோட்டையிலிருந்து ஹைலெவல் வீதி வழியாக அவிசாவளைக்கு ஓடுகிறது. களனிவெளி ரெயிலும் அவிசாவளை வரை போகும், ஆனால் மெதுவாகத்தான். காலை 5.30க்கு முன் புறப்பட்டால் 9 மணிக்கு முன் ஓடைக் கரையில் நிற்கலாம்.

5. ஊர் ஆட்களிடம் கேளுங்கள்

இந்தப் படியைத்தான் புதியவர்கள் தாண்டிப் போகிறார்கள். வரைபடம் இருக்கிறதே என்று நினைப்பு. மடுவில் எங்கே சுழி இருக்கிறது என்று வரைபடத்துக்குத் தெரியாது.

ஓடைக்குப் பக்கத்தில் உள்ள தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து பிளேன்டீ ஒன்று வாங்குங்கள். முதலில் காட்டின் எல்லையைக் கேளுங்கள். வன ஒதுக்கமாக இருந்தால் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். தோட்டமாக இருந்தால் காவலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதுதான் மரியாதை. அப்புறம் தண்ணீரைக் கேளுங்கள். "மெத்தன நாண்ட புளுவன்த?" என்றால் இங்கே குளிக்கலாமா என்று அர்த்தம். "வதுர கெம்புருத?" என்றால் தண்ணீர் ஆழமா. உச்சரிப்புப் பிசகினாலும் பரவாயில்லை, கேட்டீர்கள் என்பதற்காகவே எழுந்து வந்து கைகாட்டுவார்கள்.

அவிசாவளை, யட்டியாந்தோட்டை வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒருமுறை பால் வெட்டிவிட்டு வாளியோடு இறங்கி வந்த அம்மா ஒருவரிடம் வழி கேட்டேன். வாளியை வேரின் மேல் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டாவது வளைவுல குளிங்க தம்பி, அங்க மணலு. ஆனப்பாறைக்கு அங்கிட்டு மட்டும் போகாதீங்க. பாக்க சும்மா கெடக்கும், அடியில இழுத்துரும்." போய்ப் பார்த்தேன். யானை முதுகு மாதிரி ஒரு கரும்பாறை. அதன் முன்னால் கண்ணாடி போல அசையாத தண்ணீர். ஒரு காய்ந்த இலையைப் போட்டேன். இலை பாறையை நோக்கி மெல்ல நகர்ந்து, ஒட்டி நின்று, ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே போனது. மறுபக்கம் வெளியே வரவில்லை. அந்த அம்மாவைக் கேட்டிராவிட்டால் அன்றைக்கு நான் தேர்ந்தெடுத்திருக்கக்கூடிய மடு அதுதான், அவ்வளவு அழகு.

எங்கே குளிக்கலாம் என்பதோடு, யாராவது அள்ளுண்டு போன இடம் எது என்றும் கேளுங்கள். ஊரில் அது எல்லாருக்கும் தெரியும், நேராகக் கேட்டால் சொல்வார்கள்.

இன்னொன்று. பெண்கள் குறுக்குக்கட்டோடு குளிக்கிற துறைக்குப் போனை நீட்டிக்கொண்டு போகக் கூடாது. தூரத்தில் நின்று குரல் கொடுத்து, அவர்கள் சொல்கிற வழியால் சுற்றிப் போங்கள்.

6. கீழிருந்து மேலாக நடங்கள்

பாலத்திலோ வீதியிலோ தொடங்கி மேல்நோக்கி ஏறுவதுதான் முறை. உங்கள் கால் கலக்கிய சேறு பின்னால் போய்விடும், முன்னால் உள்ள தண்ணீர் தெளிவாக இருக்கும். வழுக்குப் பாறையில் ஏறுவது இறங்குவதை விட இலகு. ஏற முடியாத இடம் வந்தால் அங்கேயே திரும்பலாம். மேலிருந்து இறங்குகிறவர் ஒரு பாறையில் வழுக்கி இறங்கிவிட்டு, அடுத்த அருவியில் இறங்கவும் முடியாமல் திரும்பி ஏறவும் முடியாமல் நடுவில் நிற்பார்.

ஒவ்வொரு வளைவிலும் கரையேறுகிற வழி எது என்று பார்த்து, சத்தமாகச் சொல்லிவிட்டு நகருங்கள். பின்னால் வருகிறவருக்கும் அது தெரிய வேண்டும். கறுத்து மினுங்குகிற பாறையில் கால் வைக்காதீர்கள். சொரசொரப்பாக வெளிறிய பாறையும் சரளையும் பிடிமானம் தரும். இலைக் குவியலுக்குள் கை விட வேண்டாம், புடையன், குனகட்டுவா போன்ற விஷப் பாம்புகள் கிடக்கிற இடம் அது. முதலில் தடியால் தட்டுங்கள்.

தண்ணீரைக் கடக்கும்போது முகம் தண்ணீர் வருகிற பக்கம் பார்த்திருக்க, தடியை முன்னால் ஊன்றி, ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் நகர்த்துங்கள். இழுவை முழங்காலைத் தாண்டினால் அந்த இடத்தில் கடக்க வேண்டாம்.

7. மடு எங்கே உருவாகும்

மூன்று இடங்களில் தேடினால் போதும். வளைவின் வெளிப்பக்கம் தண்ணீர் அரித்து ஆழமாகும், உட்பக்கம் மணல் படியும். இறங்கி ஏற மணல் கரை, நீந்த எதிர்க்கரை ஆழம் என்று இரண்டும் ஒன்றாகக் கிடைப்பதால் இதுதான் எனக்குப் பிடித்த வகை.

இரண்டாவது, அருவியின் அடி. ஆழம் இருக்கும், ஆனால் தண்ணீர் வெள்ளையாக நுரைக்கிற வட்டத்துக்குள் போகக் கூடாது. அந்தத் தண்ணீரில் காற்று கலந்திருப்பதால் உடல் மிதக்காது, விழுகிற நீர் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும்.

மூன்றாவது, இரண்டு பாறைகளுக்கிடையில் ஒடுங்கிப் பாய்ந்து பிறகு அகல்கிற இடம். அகன்ற பகுதியில் மட்டும் குளியுங்கள், ஒடுக்கத்துக்கு மேல்பக்கம் இறங்க வேண்டாம்.

மடு கண்ணில் பட்டதா? சரி, நின்று ஒரு படம் எடுத்துவிட்டு நடையைத் தொடருங்கள். அங்கிருந்து இன்னும் அரை மணி நேரமாவது மேலே போக வேண்டும். மேலே ரப்பர் பால் கழுவிய புளித்த நாற்றம் வருகிறதா, வீடுகளின் குழாய் ஓடைக்குள் திறக்கிறதா, மாடு ஏதும் செத்துக் கிடக்கிறதா, மரம் விழுந்து தண்ணீரை மறித்து நிற்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் கீழே உள்ள மடு கணக்கில் இல்லை. மறித்து நிற்கிற மரம் உடைந்தால் தேங்கிய தண்ணீர் முழுவதும் ஒரேயடியாகக் கீழே வரும்.

8. இறங்குமுன் ஐந்து சோதனை

முதலில் இழுவை. கரையோரம் 10 அடி தூரத்தைக் குறித்துக்கொண்டு ஒரு காய்ந்த இலையைப் போடுங்கள். ஐந்து எண்ணுவதற்குள் இலை அந்தத் தூரத்தைத் தாண்டிவிட்டால் அங்கே நீந்துவதில்லை என்பது என் கணக்கு. ஒரே இலையோடு நிறுத்தாமல் மடுவின் நாலு பக்கமும் போடுங்கள். சுற்றுகிறதா, நிற்கிறதா, பாறைக்கடியில் மறைகிறதா என்று பார்த்தால் மடுவின் சுபாவம் விளங்கிவிடும்.

இரண்டாவது ஆழம். தெளிந்த தண்ணீர் ஏமாற்றும். 8 அடி ஆழம் மேலிருந்து பார்க்க 6 அடி போலத்தான் தெரியும். ஒரு நீளத் தடியில் அடிக்கணக்குக்கு வெட்டுப் போட்டு, கரையிலிருந்து விட்டுப் பாருங்கள்.

மூன்றாவது அடித்தளம். அதே தடியால் குத்திப் பார்த்தால் மணலா, பாறையா, சேறா, மரக்கட்டையா என்று கைக்கு வந்து சேரும். கிளைகள் சிக்கியிருக்கிற மடுவில் கால் மாட்டும்.

நான்காவது வெளியேறும் வழி. ஏறும் கரை குறைந்தது இரண்டு வேண்டும். ஒன்று மடுவின் கீழ்க் கோடியில் இருக்க வேண்டும், ஏனென்றால் தண்ணீர் உங்களை அங்கேதான் கொண்டுபோகும்.

ஐந்தாவது நீர்மட்டம். தண்ணீர் விளிம்பில் மூன்று கற்களை ஒரு சாண் இடைவெளியில் மேல்நோக்கி அடுக்கி வையுங்கள். முதல் கல் நனைந்தால் எல்லாரும் வெளியே.

9. இறங்குவது

முதலில் இறங்குகிறவர் நல்ல நீச்சல்காரர். மெதுவாக, கால் முதலில். குதிக்கக் கூடாது, தலைகீழாகப் பாயவே கூடாது. போன வருடம் பாய்ந்த மடுவாக இருந்தாலும் ஒரு மாரியில் அடியில் ஒரு கல் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும். சாப்பாட்டுப் பார்சலைக் குளித்துக் கரையேறிய பிறகு பிரியுங்கள். சாராயம் எந்த நேரத்திலும் வேண்டாம், அதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

எந்த நேரமும் ஒருவர் கரையில் உலர்ந்த உடுப்போடு, கயிறும் கானும் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறலாம். யாராவது தத்தளித்தால் கானை அவருக்கு அப்பால் எறிந்து கயிற்றை அவர் கைக்கு இழுத்துக் கொடுங்கள். குதித்துக் காப்பாற்றப் போகிறவரைத் தத்தளிக்கிறவர் கட்டிப்பிடித்து அமுக்கிவிடுவார்.

இழுவை உங்களைக் கொண்டுபோனால் எழுந்து நிற்க முயலாதீர்கள். கல் இடுக்கில் கால் மாட்டினால் தண்ணீர் உங்களை முன்னால் மடித்துவிடும். மல்லாந்து, கால் தண்ணீர் ஓடுகிற பக்கம் நீட்டி, பாதம் தண்ணீருக்கு மேல் தெரிய மிதந்து, தண்ணீர் வேகம் தணிகிற இடத்தில் கரைக்குச் சாய்ந்து நீந்துங்கள்.

10. எப்போது வெளியே வர வேண்டும்

ஒரு ஏப்ரல் மாதம், வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் நாலு பேர். கரையில் நின்றது என் மருமகன், வயது 15. "மாமா, தண்ணி தேத்தண்ணி நிறமா வருது" என்றான். நான் திரும்பிப் பார்த்தபோது மடுவின் மேல் முனையில் ஒரு பழுப்புக் கோடு. அதோடு சுள்ளிகளும் நுரையும். ஏறுங்கள் என்று கத்தினேன், ஏறினோம். அடுக்கி வைத்த மூன்று கல்லும் மறைய பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எங்கள் தலைக்கு மேல் அப்போதும் மேகம் இல்லை. மழை மலையில் பெய்திருக்கிறது.

நிறம் மாறுவது, இலை சுள்ளி மிதந்து வருவது, ஓடையின் சத்தம் கனப்பது, தூரத்தில் இடி கேட்பது. இவற்றில் எது வந்தாலும் பையை எடுப்பதற்கு முன் ஆட்கள் மேட்டுக்கு ஏற வேண்டும். எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டவர் கடந்து வர முயலக் கூடாது. அங்கேயே மேட்டில் இருக்கட்டும். சின்ன ஓடை ஏறுகிற மாதிரியே இறங்கியும் விடும், பொறுத்திருந்தால் வழி கிடைக்கும்.

அவசரத்துக்கு 1990 அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பொலிஸுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. நீங்கள் நிற்கிற ஊரின் பெயரையும் கடைசியாகக் கடந்த பாலத்தையும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் இரண்டையும் ஒரு தாளில் எழுதி ஆளுக்கொன்று கொடுத்துவிடுவேன்.

11. வீட்டுக்கு வந்த பிறகு

சவர்க்காரம் போட்டுக் குளித்து, கீறல் காயம் எதையும் விடாமல் மருந்து போடுங்கள். கொழும்பு, களுத்துறை, இரத்தினபுரி, கேகாலைப் பக்கங்களில் எலிக்காய்ச்சல் உண்டு. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காயத்தின் வழியாகவும் கண், வாய் வழியாகவும் உடம்புக்குள் போகும். காலில் ஆறாத புண் இருக்கிறவர் அன்றைக்கு நடக்கலாம், தண்ணீருக்குள் இறங்கக் கூடாது. தடுப்பு மாத்திரை தேவையா என்று போவதற்கு முன் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்கலாம்.

காய்ச்சல் உடனே வராது. பெரும்பாலும் ஒன்றிரண்டு கிழமை கழித்துத்தான் வரும், அதற்குள் குளித்ததே மறந்துபோயிருக்கும். காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை நோவும் கண் சிவப்பும் இருந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், இன்ன திகதியில் இன்ன ஓடையில் குளித்தேன் என்று முதலிலேயே சொல்லுங்கள். அதற்காகத்தான் திகதியையும் ஓடையின் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறேன். அதே பக்கத்தில் அன்றைய நீர்மட்டம், இலை எடுத்த நேரம், கைகாட்டியவர் சொன்ன எச்சரிக்கை எல்லாம் இருக்கும். அடுத்த மாரி முடிந்து திரும்பப் போகும்போது அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பேன்.